டிசம்பரில் எத்தனை மணிக்கு இருட்டும்?

அமெரிக்காவில் மார்ச் முடிவதற்குள் பெரிய பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முடிவுகள் வந்துவிடும். இடம் கிடைத்தவர்கள் எங்கே சேரப்போகிறார்கள் என்பதை வழக்கமாக மே 1-க்குள் சொல்லி, முன்பணமும் கட்டிவிட வேண்டும். நடுவில் இருப்பது ஏப்ரல் ஒரு மாதம். பாஸ்டனிலிருந்து நியூயார்க் வழியாக ஃபிலடெல்ஃபியா வரை செல்லும் ரயில்களில் அந்த மாதம் முழுக்கப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் முதுகுப் பையோடு ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். நூலகம் எப்படி, ஆய்வகம் எப்படி, கட்டணத்தில் எவ்வளவு சலுகை என்று எல்லாரும் விசாரிப்பதை யூதக் குடும்பங்களும் விசாரிக்கின்றன. அதற்கு மேல் அவர்களுக்கென்று சில கேள்விகள் உண்டு. பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனித் தொட்டி வைத்திருக்கும் கோஷர் சமையலறை இருக்கிறதா? ஓய்வு நாளான சப்பாத்தில், அதாவது வெள்ளி மாலையிலோ சனிக்கிழமையிலோ, தேர்வு வைப்பார்களா? அன்று மின்கருவியை இயக்கக் கூடாது என்பதால், விடுதிக் கதவுக்கு மின்னணு அட்டை மட்டும்தானா, இரும்புச் சாவியும் தருவார்களா? பிள்ளையை வெளியூர்க் கல்லூரியில் சேர்க்கப்போகும் நம் ஊர் அம்மா, வகுப்பறைக்கு முன்பே ஹாஸ்டல் மெஸ்ஸை எட்டிப் பார்ப்பாளே, அதே கவலைதான்.

இந்த வழியில் முதல் நிறுத்தமாகப் பலரும் வைத்துக்கொள்வது பிராண்டைஸ் பல்கலைக்கழகம். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் பக்கம் போகும் ஊதா நிறக் கோடு போட்ட புறநகர் ரயிலில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் வால்தம் நகரைத் தாண்டி பிராண்டைஸ் நிலையம் வரும். இறங்கிய இடத்திலிருந்தே மேடு தொடங்குகிறது. வளாகம் அந்த மேட்டின் மேல் பரந்து கிடக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி லூயிஸ் பிராண்டைஸின் பெயரில், 1948இல் 107 மாணவர்களோடு இது தொடங்கப்பட்டது. பணம் போட்டவர்கள் யூதர்கள். ஆனால் சேர்க்கையில் மதமோ இனமோ பார்ப்பதில்லை என்பது முதல் நாளிலிருந்தே கொள்கை. முதல் தலைவர் ஏப்ரம் சாக்கர் ஒரு வரலாற்றாசிரியர். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஹில்லெல் அமைப்பின் தேசிய இயக்குநராக இருந்தவர். அமெரிக்காவின் யூத மாணவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசினால் ஹில்லெலைத் தொடாமல் போக முடியாது. 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரபி அதைத் தொடங்கினார். தம் வகுப்பில் உட்காரும் யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த வேதமே தெரியவில்லையே என்று வருந்தி அதற்குத் தூண்டுதலாக இருந்தவர், அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்த எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர். ஃபிராங்கல் 1927இலேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கியது இன்று 800க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இயங்குகிறது.

பிராண்டைஸ் வளாகத்தில் ஒரு சிறிய குளத்தைச் சுற்றி மூன்று வழிபாட்டுக் கூடங்கள் நிற்கின்றன. கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்ட் பிரிவினருக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று. மாக்ஸ் ஆப்ரமோவிட்ஸ் வடிவமைத்து 1955இல் கட்டி முடித்தவை. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி இடம் பார்த்து அமைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிக் காட்டும் மாணவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி இது. சொல்லத் தகுந்த செய்தியும்கூட. ஆனால் ஒரு யூத மாணவனின் அன்றாடத்துக்கு இதைவிட முக்கியமானது பிராண்டைஸின் நாட்காட்டி. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பஸ்கா ஆகிய பண்டிகைகளில் இங்கே வகுப்புகள் நடப்பதில்லை. இதன் அருமை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆசாரமான யூதருக்குப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள், யோம் கிப்பூர் ஒரு நாள், கூடாரப் பண்டிகையின் தொடக்கத்தில் இரண்டு, முடிவில் இரண்டு என்று செப்டம்பர், அக்டோபரில் மட்டும் ஏழு நாள் எழுதவோ கணினியைத் தொடவோ கூடாது. முதலாண்டு மாணவன் இன்னும் யாரையும் சரியாகத் தெரிந்துகொள்ளாத நேரம் அது. மற்றக் கல்லூரிகளில் அவன் ஒவ்வொரு பேராசிரியரிடமும் போய் நின்று அனுமதி கேட்டாக வேண்டும். இங்கே அந்தப் பண்டிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சுமை இல்லை.

யூதர்கள் கட்டிய கல்லூரியிலும் எல்லாம் ஒருமனதாக நடந்துவிடவில்லை. 1987இல் பிராண்டைஸ் உணவகத்தில் பன்றி இறைச்சியும் இறால், நண்டு வகைகளும் பரிமாறத் தொடங்கியபோது பெரிய விவாதம் எழுந்தது. எல்லா நாட்டு மாணவருக்குமான பல்கலைக்கழகமாக வளர்வதா, தொடங்கியவர்களின் அடையாளத்தைக் காப்பதா என்ற இழுபறி அது. கோஷர் சமையலறை தனியாகத் தொடர்ந்தது.

பாஸ்டனுக்குத் திரும்பி, ஆற்றைக் கடந்து கேம்பிரிட்ஜ் போனால் ஹார்வர்ட். மௌண்ட் ஆபர்ன் தெருவில் உள்ள ரோசோவ்ஸ்கி மாளிகை, ஹார்வர்ட் ஹில்லெலின் இடம். மோஷே சாஃப்டி வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்டது. பொருளாதாரப் பேராசிரியராகவும் கலை அறிவியல் புலத்தின் தலைவராகவும் இருந்த ஹென்றி ரோசோவ்ஸ்கியின் பெயரைத் தாங்கியது. ஹார்வர்டின் உச்ச நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் யூதர் அவர். வளாகத்தின் நட்ட நடுவில், மாணவர் இல்லங்களுக்கு மத்தியில் அந்தக் கட்டடம் நிற்பதைப் பார்க்கும்போது, நூறு ஆண்டுக்கு முன் இதே தெருக்களில் நடந்ததை நினைக்காமல் இருக்க முடியாது.

1922இல் ஹார்வர்ட் மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். தலைவர் லாரன்ஸ் லோவெல்லுக்கு அது அதிகமாகப் பட்டது. ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்றார். பேராசிரியர் குழு வெளிப்படையான வரம்பை ஏற்கவில்லை. விண்ணப்பப் படிவம் வேறு வழியில் அந்த வேலையைச் செய்தது. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, தந்தையின் பெயர் பிறந்த பின் மாற்றப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் அது கேட்டது. பிறகு புகைப்படம் ஒட்டச் சொன்னார்கள், ‘குணநலன்’ பார்த்தார்கள். மதிப்பெண்ணால் உள்ளே வந்தவர்களைப் படிவத்தால் வெளியே நிறுத்த முடிந்தது. ஹார்வர்ட் மட்டும் இல்லை. நாட்டின் மறு கோடியில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 1950களில் யூத மாணவர் சேர்க்கையை மறைமுகமாகக் கட்டுப்படுத்தியதற்கு 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

ஏப்ரல் பயணத்தில் ஒரு விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த மாதத்தில் பாஸ்டனில் சூரியன் மறைய மாலை ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு, ஆய்வகம் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சப்பாத் தொழுகைக்குப் போகலாம். பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் இசைவாகத் தெரியும். டிசம்பரில் இதே ஊரில் சூரியன் மறைவது சுமார் நாலேகால் மணிக்கு. சப்பாத் மெழுகுவர்த்தியை அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஆகவே மூன்று மணிக்குத் தொடங்கும் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் மாணவி, பாதியில் கண்ணாடிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த ஆய்வகத்துக்கு வேறொரு நாள் பிரிவு உண்டா? அந்தப் பாடத்தின் பருவத் தேர்வு வெள்ளி பிற்பகலில் வந்தால் என்ன செய்வார்கள்? ஹில்லெல் கட்டடம் எவ்வளவு அழகு என்பதைவிட இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் நான்கு ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. பதில் சொல்ல வேண்டியவரும் ரபி அல்லர். அந்தத் துறையின் அலுவலகம்.

தெற்கே போகும் ரயில் பாஸ்டனின் சவுத் ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிறது. கனெக்டிகட் கரையோரம் கடலும் படகுத் துறைகளும் ஜன்னலில் மாறி மாறி வர, நியூ ஹேவன் வந்துவிடும். யேல் பல்கலைக்கழகம் இங்கேதான். இதன் முத்திரையின் நடுவே திறந்த புத்தகத்தில் எபிரேய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யூதர்களுக்காகச் செய்தது அல்ல அது. பழைய ஏற்பாட்டின் மேல் கிறிஸ்தவப் பாதிரிகளுக்கு இருந்த பற்று. எபிரேயத்தை முத்திரையில் வைத்திருந்த யேல், 1960களின் தொடக்கம் வரை யூத மாணவர் எண்ணிக்கையைப் பத்து சதவீதத்தை ஒட்டியே பிடித்து வைத்திருந்தது. இன்று வால் தெருவில், வளாகத்தின் மையத்தில், 1995இல் திறந்த ஸ்லிஃப்கா மையம் நிற்கிறது. கோஷர் உணவகம், தொழுகை அறைகள், வாசிப்பு அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

நியூ ஹேவனில் அண்ணாந்து பார்த்து நடந்தால் மின்கம்பங்களை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி போவது சில இடங்களில் தெரியும். அது ஏரூவ் எனப்படும் எல்லையின் ஒரு பகுதி. சப்பாத் அன்று வீட்டுக்கு வெளியே பொருள் எதையும் தூக்கிச் செல்லக் கூடாது என்பது விதி. சாவியாக இருந்தாலும் சரி, தொழுகைப் புத்தகமாக இருந்தாலும் சரி. கம்பியாலும் சுவராலும் ஒரு பகுதியைச் சுற்றி வளைத்துவிட்டால், அது முழுவதும் ஒரே வீட்டின் முற்றமாகக் கருதப்படும். வாரந்தோறும் ஆள் போய்க் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். புயலில் அறுந்தால் அந்தச் சனிக்கிழமை ஏரூவ் இல்லை. மாநகராட்சியும் மின் நிறுவனமும் ஒத்துழைக்காமல் இந்த ஏற்பாடு நடக்காது.

யேல் எதற்கு இசையும், எதற்கு இசையாது என்பது 1997இல் வெளிப்பட்டது. முதல் இரண்டு ஆண்டு வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் தங்கும் விடுதி தங்கள் நெறிக்கு ஒவ்வாது என்று ஆசாரமான யூத மாணவர் ஐந்து பேர் விலக்குக் கேட்டார்கள். யேல் மறுத்துவிட்டது. ஒருவர் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமானவருக்கு விலக்கு உண்டு. மற்ற நால்வரும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்திலும், 2000இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். விடுதி வாழ்க்கையும் கல்வியின் ஒரு பகுதி என்பது யேலின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை எங்கே தூங்குவது என்பதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் தரவில்லை. பதினெட்டு வயதில் நீதிமன்றம் ஏற விரும்பாதவர்கள், சேர்வதற்கு முன்பே விடுதி விதியை வரி விடாமல் படித்துவிடுவது நல்லது.

நியூயார்க்கில் ஒன்றாம் எண் சுரங்க ரயில் ஒன்றே போதும், வெவ்வேறு விதமான யூதக் கல்லூரி வாழ்க்கையைப் பார்த்துவிடலாம். 116ஆம் தெருவில் இறங்கினால் ஒரு பக்கம் கொலம்பியா, மறு பக்கம் பெண்களுக்கான பார்னர்ட். சற்று வடக்கே 122ஆம் தெருவில் யூத இறையியல் கல்லூரி. அங்கேயும் பார்னர்டிலும் ஒரே சமயத்தில் படித்து இரண்டு பட்டம் வாங்கலாம். 137ஆம் தெருவில் சிட்டி காலேஜ். ஹார்வர்டும் யேலும் கதவைச் சாத்திய காலத்தில் குடியேறிய தையல்காரர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது அது. 1976 வரை கட்டணமே கிடையாது. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் அங்கே படித்தவர்தான். இன்னும் வடக்கே 181ஆம் தெருவில் இறங்கி நடந்தால் 1886இல் வேர்விட்ட யெஷிவா பல்கலைக்கழகம். காலையில் தால்முத், பிற்பகலில் கணக்கோ உயிரியலோ என்பது இங்கே ஆண்களின் அன்றாடம். பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரி 1954 முதல் தனியாக, நகரின் நடுப்பகுதியில் இயங்குகிறது. நாட்காட்டியோ சமையலறையோ இங்கே பிரச்சினையே இல்லை. ஆனால் யூதர் எல்லாருக்கும் இது பொருந்திவிடும் என்றும் சொல்ல முடியாது. தன்பாலீர்ப்பு மாணவர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 2021இல் தொடுத்த வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கொலம்பியாவின் ஹில்லெல், 115ஆம் தெருவில் 2000இல் திறந்த கிராஃப்ட் மையத்தில் இருக்கிறது. யூத வாழ்க்கை செழித்த வளாகம் என்று தலைமுறைகளாகப் பெயர் பெற்ற இடம் இது. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலும் அதன் பின் காசாவில் நடந்த போரும் இந்த வளாகத்தை இரண்டாக்கிவிட்டன. 2024 ஏப்ரல் 17 அன்று புல்வெளியில் போரை எதிர்த்த மாணவர்களின் கூடாரங்கள் எழுந்தன. பஸ்கா தொடங்குவதற்கு முந்தைய நாள், வளாகத்தோடு தொடர்புடைய ஒரு ரபி யூத மாணவர்களை வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். ஹில்லெல் அதை ஏற்கவில்லை. மாணவர்கள் போக வேண்டியதில்லை, பாதுகாப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்றது. மறுநாள் இரவு, போரை எதிர்த்துக் கூடாரத்தில் இருந்த யூத மாணவர்கள் அங்கேயே பஸ்கா விருந்து நடத்தினார்கள். ஒரே இரவு, ஒரே பண்டிகை. ஒரு பகுதியினர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள், இன்னொரு பகுதியினர் போராட்டக்களத்தில் உட்கார்ந்து அதே சடங்கைச் செய்தார்கள். யூத மாணவர் என்றால் ஒரே குரல் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

அந்த வசந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் மாறின. மிரட்டலோ வசவோ நடந்தால் புகாரை யாரிடம் தருவது, எத்தனை நாளில் பதில் வரும், 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கவனிக்கும் அதிகாரி யார் என்றெல்லாம் கேட்கிறார்கள். பெயர் சொல்லி, அறை எண் சொல்லிப் பதில் வரும் இடமும் உண்டு. அழகான அறிக்கையை மட்டும் நீட்டும் இடமும் உண்டு. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் பிரித்தறியலாம்.

நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தில் இறங்கி, மாணவர்கள் ‘டிங்கி’ என்றழைக்கும் குட்டி ரயிலில் மாறினால் சில நிமிடத்தில் வளாகம். 1958இல் இங்கே உணவுக் கழகங்களுக்கு ஆள் எடுத்தபோது கடைசி வரை எந்தக் கழகமும் அழைக்காமல் விட்ட இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களில் பாதிக்கு மேல் யூதர்கள். சாப்பிட உட்காரும் மேசையில்தான் விலக்கல் நடந்தது. 1993 முதல் வாஷிங்டன் சாலையில் யூத வாழ்வு மையம் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டைன்ஹார்ட் மாளிகை 2003இல் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலை இதுபோன்ற ஹில்லெல்களில் நடப்பதை நேரில் பார்ப்பது தனி அனுபவம். ஓர் அறையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம், நடுவே தடுப்பு. அடுத்த அறையில் எல்லாரும் கலந்து உட்கார்ந்து தொழுகிறார்கள். மூன்றாவது அறையில் கிதார் இசையோடு பாட்டு. ஒன்றின் முறையை மற்றொன்று ஏற்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மூன்று கதவும் திறக்க, எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே கோழிச் சூப்புக்கு உட்காருகிறார்கள். எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டுமென்றால் சமையலை மிகக் கண்டிப்பானவரின் விதிப்படி செய்தாக வேண்டும். இந்த இசைவு தானாக வந்ததல்ல. பல தலைமுறை மாணவர்கள் பேசிப் பேசி எட்டியது. வாசலில் காவலரும் கேமராவும் உண்டு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எங்குமே அப்படித்தான். பெரிய கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் சபாத் (Chabad) என்ற யூத இயக்கத்தின் இல்லம் இருக்கும். ரபியும் மனைவியும் குழந்தைகளும் வாழும் வீடு. யார் வந்தாலும் இரவுச் சாப்பாடு. கல்லூரிகளை ஒட்டி இத்தகைய முதல் வீட்டை 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கினார்கள்.

பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் பேருந்தில் ஆலன்டவுன் வரை போவது வீண் போகாது. அங்கே இருக்கும் மூலன்பர்க், லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த சிறு கல்லூரி. அதன் பெயருக்குரிய ஹென்றி மெல்கியோர் மூலன்பர்க், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1742இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பாதிரியார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு படித்ததும் அதே ஹாலேயில்தான். அந்த மரபில் வந்த கல்லூரியில் யூத மாணவர் கணிசமாகப் படிக்கிறார்கள்.

அங்கே கோஷர் உணவுக்குத் தனிக் கட்டடம் இல்லை. பொது உணவுக்கூடத்துக்குள்ளேயே ‘நோஷரி’ என்ற பெயரில் இரண்டு பரிமாறும் மேடைகள் இருக்கின்றன. ஒன்று இறைச்சிக்கு, ஒன்று பாலுக்கு. தட்டும் கரண்டியும் வேறு வேறு. மேற்பார்வைக்குச் சமய விதி தெரிந்த ஆள். கோஷர் சாப்பிடும் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு, பீட்சா சாப்பிடும் அறைத்தோழியின் எதிரிலேயே உட்காரலாம். மதம் பார்க்காமல் யார் வேண்டுமானாலும் அந்த வரிசையில் நிற்கலாம். பிரின்ஸ்டனில் 1958இல் மேசையில் இடம் கிடைக்காமல் போனவர்களை நினைத்தால், பலகோடி டாலரில் எழுந்த தனி மாளிகையைவிட இந்த இரண்டு மேடைகள் பெரியவையாகத் தோன்றுகின்றன.

மூலன்பர்க்கின் பெருமை அதன் நாடகத் துறை. நடிக்க வேண்டும், ஆட வேண்டும் என்ற ஆசையோடு தேடி வருபவர்கள் ஏராளம். நாடகங்கள் பெரும்பாலும் அரங்கேறுவதோ வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும்தான். சப்பாத்தைக் கடைப்பிடிக்கும் மாணவிக்கு மேடை வேண்டுமென்றால், சமையலறையோ சாவியோ ஏரூவோ எதுவும் செய்ய முடியாது. வியாழன் காட்சியில் மட்டும் நடிக்க மாற்று நடிகையோடு பங்கிட்டுக்கொள்ளலாமா, ஒளியமைப்பு, உடை வடிவமைப்பு போன்ற வேலைகளில் வெள்ளிக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட முடியுமா என்று துறையிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் மே 1-க்குள்தான் நேரம்.